ஓங்கி ஒலித்த ஊர்கள் – 11: கட்டை இறங்கியது, கனம் ஏறியது

சென்ற இதழில் கோயில் வாசலோடு நிறுத்தியிருந்தோம். சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் மேளம் எப்படிக் கூடும், யார் எங்கே நிற்பார்கள் என்று பார்த்தோம். இந்த இதழில் மேளத்தோடு வீதிக்கு வருவோம். வீதியிலிருந்து நரசிங்கம்பேட்டைப் பட்டறைக்குப் போவோம். அங்கிருந்து தென்கொரியத் தலைநகர் சியோலுக்கும் போக வேண்டியிருக்கிறது. 1980-களில் அந்த ஊர் சினிமாக் கொட்டகை ஒன்றில் முடி வளர்த்த இளைஞர்கள் ஹெவி மெட்டல் வாசித்தார்கள். அவர்களுக்கும் காவிரிக் கரை மேளக்காரர்களுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இரு தரப்பும் மல்லுக்கட்டியது ஒரே கேள்வியோடுதான். உரக்க ஒலித்தால் மட்டும் போதாது, ஒலிக்குக் கனம் வேண்டும். அந்தக் கனத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

நாலு வீதியும் ஒரு சபை

பெரிய மேளம் திறந்த வெளிக்காகவே உருவானது. நாகசுரம், தவில், ஒத்து, தாளம் இவ்வளவுதான் செட்டு. மைக் வராத காலத்தில் இந்தச் செட்டு தேரடியில் வாசித்தால் ஊர்க்கோடியில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். சுவாமி கீழவீதியைத் தாண்டிவிட்டதா, தெற்குவீதிக்குத் திரும்பிவிட்டதா என்பதை வீட்டிலிருப்பவர்கள் மேளத்தைக் கேட்டே தெரிந்துகொண்டார்கள். அர்ச்சனைத் தட்டோடு வாசலுக்கு வந்து நிற்கும் நேரத்தை அந்த ஓசைதான் குறித்துக் கொடுத்தது.

புறப்பாட்டில் முதலில் தவில் அலாரிப்பு, அடுத்தது மல்லாரி. மல்லாரியைக் கிட்டத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், அது உடம்பில் வந்து மோதும் இசை. ராகம் கம்பீரநாட்டை. ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்தே சுரங்கள். சாகித்தியம் கிடையாது, பக்தி சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி, தேர் மல்லாரி என்று கோயில் காரியத்துக்குத் தகுந்தபடி வகைகள் உண்டு. நாகசுரக்காரர் ஓர் அடியை முதல் காலத்தில் நிதானமாக வைப்பார். அதையே இரண்டாம் காலத்தில் இரட்டிப்பார், மூன்றாம் காலத்தில் நாலாக்குவார், பிறகு திஸ்ரத்துக்குத் திருப்புவார். தாளம் அசையாமல் நிற்க, அதன்மேல் அதே அடி வேகம் மாறி மாறி விழும். தவில்காரரின் இடது பக்கத்தில் கழி இறங்கும். வலது பக்கத்தில் கூடு மாட்டிய விரல்கள் உருளும். இரண்டு தவிலும் ஒரே இடத்தில் தீர்மானம் வைத்து இறங்கும்போது சுற்றி நிற்பவர்களின் நெஞ்சுக்கூடு அதிரும்.

வீதி முக்கு வந்ததும் சுவாமி நிற்கும். அங்கேதான் ராகம். ஒரு முக்கில் தொடங்கிய ஆலாபனை விடிகிற வரைக்கும் நீண்ட கதைகள் டெல்டாவின் எல்லாக் கோயில் ஊர்களிலும் உண்டு. கேட்டவர்களில் பண்ணையாரும் இருந்தார், அவர் வயலில் அறுத்தவரும் இருந்தார். டிக்கெட் இல்லை, நாற்காலி இல்லை, பத்திரிகை விமர்சனமும் இல்லை. யார் வாசிப்பு உசத்தி என்பது அந்த இருட்டில், நின்றுகொண்டே கேட்ட கூட்டத்தில் முடிவானது. கர்நாடக இசை வரலாற்றைச் சென்னை சபாக்களின் வழியாக எழுதியவர்களுக்கு இந்தச் சபை கண்ணில் படவில்லை. தஞ்சை வட்டாரத்தின் அண்டர்கிரவுண்ட் என்று ஒன்றைச் சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன்.

தோளில் ஒரு துண்டு

இத்தனை பெரிய வித்தைக்கு உரிய மரியாதை கிடைத்ததா என்றால், இல்லை. மேளக்காரர் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும், நடந்துகொண்டு வாசிக்க வேண்டும். பெரிய மனிதர்களுக்கு முன்னால் துண்டு தோளிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போக வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர் மேடையில் உட்கார்ந்து பாடிய அதே கல்யாணத்தில் நாகசுரக்காரருக்கு வாசல் பந்தல்தான் இடம்.

சுயமரியாதை இயக்க வரலாற்றில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. செட்டிநாட்டுக் காநாடுகாத்தானில் ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டு வந்த நாகசுரக்காரர் மதுரை சிவக்கொழுந்து, வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். அதை எடுக்கச் சொல்லி ஊர்ப் பெரிய மனிதர்கள் தகராறு செய்தார்கள். உடன் இருந்த சுயமரியாதை இயக்கத்தவர் பட்டுக்கோட்டை அழகிரி, எடுக்காதீர்கள், வாசியுங்கள் என்று அவர் பக்கம் நின்றார். ஒரு முழத் துண்டுக்காக ஓர் ஊர்வலமே நின்ற காலம் அது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை செய்ததன் அளவு புரியும். 1898-ல் பிறந்தவர், 1956-ல் மறைந்தவர். ஆதீன வித்வான். பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டு கற்றவர். மேளக்காரருக்கென்று விதித்திருந்த குடுமியை எடுத்துவிட்டுக் கிராப் வைத்தார், கோட்டும் ஷெர்வானியும் போட்டார், மேடை கொடுத்தால்தான் வாசிப்பேன் என்று நின்றார். 1940-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். இந்தக் கதைகளையெல்லாம் ஊரார் ரசித்துச் சொல்வார்கள். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் நாகசுரக் குழலுக்குள்ளேயே நடந்தது.

திமிரியும் பாரியும்

அதுவரை புழக்கத்தில் இருந்தது திமிரி நாகசுரம். குட்டையான குழல், உச்சமான சுருதி. சுருதிக்குக் கட்டைதான் அளவு; அந்தக் கணக்கில் நாலரைக் கட்டை, ஐந்து கட்டையில் பேசும். கூட்டத்தையும் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு போக அந்த உச்சம் தேவைப்பட்டது. ஆனால் திமிரியில் சுத்த மத்திமம் சுத்தமாக நிற்காது. வாசிப்பவர் மூச்சை அடக்கி, ஊதும் நாக்கான சீவாளியை உதட்டால் கவ்வி, சுரத்தைச் சரிக்கட்ட வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையின் உயிர் ராகமான தோடிக்கு அந்தச் சுத்த மத்திமம்தான் நடுத்தூண்.

வாய்ப்பாட்டில் ஊறிய அவர் காதுக்குக் குரலைப் போலக் குழையும் நாகசுரம் வேண்டியிருந்தது. குழலின் நீளத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். குழல் நீண்டால் சுருதி இறங்கும், மூச்சு அதிகம் கேட்கும், விரல்கள் அகல வேண்டும், சீவாளியும் பெரிதாக வேண்டும். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆச்சாரி இந்த வேலையைக் கையில் எடுத்தார். சுத்த மத்திமம் துல்லியமாகப் பேசும் பாரி நாகசுரத்தை 1955-ல் அவர் செய்து கொடுத்தார். சுருதி இரண்டரை, இரண்டு கட்டை. அடுத்த ஆண்டு இறுதியில் ராஜரத்தினம் பிள்ளை இறந்துவிட்டார். பாரி நிலைத்துவிட்டது. இன்றைக்குக் கச்சேரி மேடையிலும் பெரும்பாலான கோயில்களிலும் நாம் கேட்பது அதைத்தான்.

நரசிங்கம்பேட்டைப் பட்டறைகளில் குழலுக்கு இழைப்பது ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் ஆகாது. இடித்த பழைய வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்குகிறார்கள். பல தலைமுறைக் காலம் காய்ந்து, சத்தும் ஈரமும் போய் இறுகிய மரம்தான் வெடிக்காது, வளையாது, எச்சில் ஈரத்துக்கும் அசராது. மரத்தைக் கடைசலில் ஏற்றி வெளிப்புறம் தேய்ப்பார்கள். உட்புறம் மேலே குறுகி, கீழே வர வர அகலும்படி குடைவார்கள். குடைவில் ஒரு மயிரிழை பிசகினாலும் ஏதாவது ஒரு சுரம் கோணிக்கொள்ளும். விரல் வைக்க ஏழு துளைகள், சுருதியைச் சீராக்க ஐந்து துளைகள், மொத்தம் பன்னிரண்டு. கீழே அணசு என்ற அகன்ற வாய். மேலே உலோகக் கெண்டை. அதன்மேல் சீவாளி.

சீவாளிக்குக் காவிரிக் கரைகளில் நாணலைப் போல வளரும் கொறுக்கைத் தட்டை வேண்டும். வெட்டி, காயவைத்து, அவித்து, சீவி, இரண்டு நாக்கும் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும்படி நூலால் கட்டுவார்கள். வித்வானின் நாகசுரத்தில் உபரிச் சீவாளிகளும் ஓர் ஊசியும் நூலில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாசிப்புக்கு நடுவே ஒரு சீவாளியைக் கழற்றி வாயில் ஊறவைத்துக்கொண்டே மற்றொன்றை ஊசியால் நெம்பிப் பார்ப்பார். அந்த நாளின் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் எது சொன்னபடி கேட்கும் என்று அப்போதுதான் முடிவு செய்வார். இந்த ஊரின் நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பர்மிங்ஹாமில் அதே படி

சுருதியை இறக்கும் இதே படியில் வேறொருவரும் இறங்கினார். இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த பதினேழு வயது டோனி அயோமியின் வலது கை விரல்கள் இரண்டின் நுனியை இயந்திரம் துண்டித்தது. அவர் இடது கைக்காரர், அதனால் கிதார் தந்தியை அழுத்துகிற கை வலதுகைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். இழுத்துக் கட்டிய தந்தி வலித்ததால் நாளடைவில் தந்தியைத் தளர்த்தினார். பிளாக் சப்பாத் குழு 1971-ல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தட்டின் பல பாட்டுகளில் கிதாரின் சுருதி வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரம் இறங்கியிருக்கும். நாலரைக் கட்டையிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு இறங்குவதும் அதே மூன்று அரைச்சுரம்தான். ஹெவி மெட்டல் என்ற இசைவகையின் அடையாளமான கனத்தில் பெரும்பங்கு இந்த இறக்கத்திலிருந்து வந்தது.

ஒருவரை இறக்கியது காயம், மற்றவரை இறக்கியது தோடி. இறங்கிய பிறகு இருவருக்கும் கிடைத்தது ஒன்றே. உச்ச சுருதி ஆளைக் கூப்பிடும். இறங்கிய சுருதி கூப்பிட்ட ஆளை உட்காரவைக்கும். புறப்பாட்டை அறிவிக்கும் வாத்தியமாக இருந்த நாகசுரம், பாரி வந்ததும் தன்னைக் கேட்கச் சொல்லும் வாத்தியமானது. தோளிலிருந்து துண்டை இறக்க மறுத்தவரும், சுருதியை இறக்கியவரும் கேட்டது ஒரே மரியாதையைத்தான்.

நெல் விளையும் இன்னொரு நாடு

கொரியாவின் தென்மேற்கில் ஜியோல்லா வட்டாரம் அந்நாட்டின் நெற்களஞ்சியம். அங்கே நடவுக்கும் களைபறிப்புக்கும் உழவர்கள் கொட்டு முழக்கோடு வயலுக்குப் போவார்கள். அந்த இசைக்கு நோங்காக் என்று பெயர், 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் இரு முகமும் அடிக்கும் ஜாங்கு என்ற முழவு உண்டு. தேப்யோங்சோ என்ற ஊதுகுழலும் உண்டு. கூம்பு வடிவ மரக்குழல், அடியில் உலோக வாய், மேலே இரட்டை நாக்குச் சீவாளி. மேற்காசியாவின் சுர்னா, வட இந்தியாவின் ஷெனாய், நம் நாகசுரம், சீனத்தின் சுவோனா ஆகியவற்றின் உறவுக்காரன் அது. சீனத்தின் வழியாகக் கொரியாவுக்குப் போய் அரசரின் ஊர்வலத்திலும் உழவரின் வயலிலும் ஒருசேர ஒலித்தது.

அதே ஜியோல்லாவில் தெய்வமேறி ஆடும் சடங்குகளுக்கு வாசித்த இசை சினாவி. எழுதிவைத்த பாடம் கிடையாது. ஒவ்வொருவரும் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தம் போக்கில் வாசிக்க, எல்லாம் ஒன்றாகிவிடும். வாசித்தவர்கள் பரம்பரைக் குடும்பத்தினர். சமூகத்தின் ஏணியில் மிகவும் கீழே வைக்கப்பட்டவர்கள். அவர்கள் இசை இல்லாமல் ஊருக்குச் சடங்கு நடக்காது, ஆனால் அவர்களுக்கு ஊரில் இடம் கிடைக்காது. காவிரிக் கரையிலிருந்து பார்க்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1950-களில், கொரியப் போர் முடிந்த கையோடு, அமெரிக்கப் படை முகாம்களின் மேடைகளில் கொரிய இளைஞர்கள் கிதார் வாசிக்கத் தொடங்கினார்கள். அப்படி வந்தவர் ஷின் ஜுங்ஹியோன், கொரிய ராக் இசையின் தந்தை. அதிபர் பார்க் சுங்-ஹீயைப் புகழ்ந்து பாட்டுப் போடச் சொன்னபோது மறுத்து, நாட்டின் மலையையும் ஆற்றையும் பாடினார். 1975-ல் அரசு பாட்டுகளை வரிசையாகத் தடை செய்தது. ஷின் கஞ்சா வழக்கில் கைதானார், அவர் பாட்டுகளும் முடங்கின. 1979-ல் பார்க் கொல்லப்படும் வரை அவரால் மேடையேற முடியவில்லை.

தந்தைக்குப் பூட்டிய வாயை மகன் திறந்தார். ஷின் தேச்சோல் என்ற அந்த மகன் தொடங்கிய ஹெவி மெட்டல் குழுவுக்கு, பழைய சடங்கு இசையின் பெயரான சினாவியையே வைத்தார். முதல் தட்டு 1986-ல் வந்தது. அதே ஆண்டு பூஹ்வால், பெக்டுசான் குழுக்களின் தட்டுகளும் வந்தன. வெளிநாட்டு மெட்டல் தட்டுகள் கடைக்கு ஒழுங்காக வராத நாட்டில் இந்த இளைஞர்கள் கேட்டு வளர்ந்தது தெருவோரக் கள்ளத்தட்டுகளில். சியோலின் ஜோங்னோ பகுதியில் இருந்த பகோடா தியேட்டர் அவர்களுடைய மேடையானது. டெலிவிஷன் இடம் தராத இசை, ஒரு சினிமாக் கொட்டகையின் இருட்டில் தன் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. பாட்டை வெளியிடும் முன் தணிக்கைக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டம் 1996-ல்தான் ஒழிந்தது.

சினாவியின் நான்காவது தட்டில் பேஸ் கிதார் வாசித்த சிறுவன் சியோ தைஜி, பிறகு கொரியப் பாப் இசையையே புரட்டிப்போட்டார். 1993-ல் அவருடைய 'ஹாயோகா' பாட்டில் மின்கிதாருக்கு நடுவே தேப்யோங்சோ பிளிறிக்கொண்டு வந்தது. 2009-ல் உருவான ஜாம்பினாய் குழு இன்னும் ஆழமாகப் போனது. கொரியத் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் மரபிசை பயின்றவர்கள் தொடங்கிய குழு அது. இரு தந்தி வில்வாத்தியமும் மடியில் கிடத்தி வாசிக்கும் கொமுங்கோவும் மெட்டல் கிதாரோடு மோதும். கிதார் வாசிக்கும் லீ இல்வூ சட்டென்று தேப்யோங்சோவை எடுத்து ஊதுவார். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் நிறைவு விழாவில் உலகமே அவர்களைக் கேட்டது.

நாகசுரம் கேட்ட காது ஜாம்பினாயைக் கேட்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்கும். அங்கே குழல் தன் பழைய உச்சத்திலேயே நிற்கிறது. அதற்கு அடியில் கனத்தைப் பரப்புவது கிதார். இங்கே குழலே இறங்கிவந்து கனத்தைத் தன் தொண்டையில் வாங்கிக்கொண்டது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு நாட்டில் இரண்டு வழியாக ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

கடல் தாண்டிய தமிழர்களும் இந்த வரலாற்றில் உண்டு. சிங்கப்பூரில் 1992-ல் கதிரும் நண்பர்களும் தொடங்கிய ருத்ரா குழு, வேத மந்திர ஓசையையும் வேதாந்தத்தையும் டெத் மெட்டலோடு சேர்த்தது. 1998-ல் முதல் தட்டு, 2001-ல் 'தி ஆரியன் க்ரஷர்', பிறகு 'பிரம்மவித்யா' வரிசை என்று விடாமல் இயங்கி, வேத மெட்டல் என்றே ஒரு வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சாதனங்களும் மொழியும் வேறு. ஆனால் உரத்த இசை ஆழமான சிந்தனையையும் சுமக்கும் என்ற அவர்களின் நம்பிக்கை, மல்லாரி கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

தேடி வந்தவர்

ஓர் இசை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் இந்த வரலாற்றில் விடை இருக்கிறது. ஆந்திரத்தின் கரவதியில் 1924-ல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, நாகசுரக் குடும்பத்துப் பிள்ளைதான். தஞ்சை வழியின் நீண்ட ராக ஆலாபனை அவரை இழுத்தது. நாச்சியார்கோவில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து பாடம் கேட்டார். ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார், பள்ளி நடத்தினார், ரங்கநாதர் சந்நிதியில் வாசித்தார். தொலைவிலிருந்து ஒரு வாசிப்பைக் கேட்டு, அது எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று தேடிப் போகிற ரசிகனின் வெறி சியோலுக்கு மட்டும் உரியதல்ல. டெல்டாவின் அண்டர்கிரவுண்டும் அப்படிப்பட்டவர்களால்தான் வளர்ந்தது.

இன்றைக்கு டெல்டா கல்யாணங்களில் ஊர்வலத்துக்குச் செண்டை மேளம் வருகிறது, ராத்திரிக்கு டிஜே வருகிறது. அவர்களும் உழைத்துப் பிழைக்கிற கலைஞர்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாகசுரத்தை முகூர்த்தத்துக்கு மட்டும் ஒதுக்கி, கெட்டிமேளம் கொட்டியதும் போதும் என்று கையமர்த்துகிற நம் பழக்கத்தின்மேல்தான் வருத்தம். திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலும் இன்றும் பிள்ளைகள் நாகசுரமும் தவிலும் படிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு முழு ராகத்தை வாசித்து முடிக்க நேரமும், அதை நின்று கேட்க ஆளும். கொரிய இளைஞர்கள் ஒதுக்கப்பட்ட தங்கள் சடங்கு இசையின் பெயரைப் பெருமையோடு எடுத்துப் போஸ்டரில் போட்டார்கள். நம் பிள்ளைகளும் மல்லாரியை அப்படி எடுத்து வாசிக்கலாம், கிதாரோடும் வாசிக்கலாம். அப்படி வாசித்தால் மரபு கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நாம் இன்று மரபென்று கொண்டாடும் பாரியே, ஒரு வித்வானும் ஓர் ஆச்சாரியும் நம் பாட்டனார் காலத்தில் துணிந்து செய்த மாற்றம்தான்.

அடுத்த இதழில் தவிலின் கதை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கைகளோடு தொடங்கி, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி வரைக்கும் போவோம்.

(தொடரும்)